ஏழு நாள் கணக்கு: எந்த டேப்லெட் வாங்குவது?

கடந்த நவம்பர் இறுதியில் ஒரு மாலை, விடுதிக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் வைத்து, தமிழிலக்கிய ஆய்வுக்காகத் தில்லிக்கு வந்து இரண்டாண்டுகளாகும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, எந்த டேப்லெட் வாங்கலாம்? நீங்க சொல்றத வாங்கிடறேன்.”

இந்த வினா எனக்குப் புதிதன்று. துறையில் மூத்த ஆய்வாளர் என்ற பெயர் வந்துவிட்டால், ஆய்வு நெறியைக் காட்டிலும் கருவிகளைப் பற்றியே நம்மிடம் மிகுதியாகக் கேட்கிறார்கள். விடையும் என் நாவின் நுனியில் இருந்தது. ஒரு பெயரையும் ஒரு மாடலையும் சொல்லிவிட்டுத் தேநீரைத் தொடர்ந்திருக்கலாம். ஏனோ, “கையில எவ்வளவு வச்சிருக்க?” என்று கேட்டேன்.

“நாப்பதாயிரம்.”

“சேத்து வச்சதா?”

“இல்லக்கா. அம்மா அனுப்புனாங்க. சங்கிலிய வச்சு.”

அதன் பிறகு என்னால் அந்தப் பெயரைச் சொல்ல இயலவில்லை. நான் நெட் தேர்வின் வழியாக ஆராய்ச்சி உதவித்தொகை பெறுகிறவள். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய் என்பது அதன் அளவு. தம்பிக்கு அந்த உதவித்தொகை இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் மாதம் 8,000 ரூபாயில்தான் அவருடைய உணவு, உடை, புத்தகம், ஊருக்குப் போய்வரும் இரயில் கட்டணம் அனைத்தும் அடங்கவேண்டும். 42,000 பெறுகிற ஒருத்தி 8,000 பெறுகிற ஒருவருக்குச் சொல்லும் அறிவுரை தவறிப்போனால், அந்தத் தவற்றின் விலையைச் செலுத்துவது அறிவுரை சொன்னவள் அல்லள்.

“ஒரு வாரம் பொறு, தம்பி. அவசரப்பட்டு வாங்காதே” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இவ்விஷயத்தில் நான் ஏற்கெனவே இருமுறை பிழை செய்திருக்கிறேன். அவ்விரண்டையும் இங்கே ஒளிவின்றி எழுதிவிடுகிறேன். வாங்கும் எண்ணத்தில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு மாடல்களின் பட்டியலைவிட இது பயன்படக்கூடும்.

முதற்பிழையில் நட்டப்பட்டவள் நானே. 2019இல் ஆய்வில் சேர்ந்து முதல் தவணை உதவித்தொகை மொத்தமாகக் கைக்கு வந்தபோது, 12,000 ரூபாய்க்கு 8 அங்குல டேப்லெட் ஒன்று வாங்கினேன். கைப்பையில் அடங்கும், எடை குறைவு, மெட்ரோவில் நின்றபடி படிக்கலாம் என்பவை அதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்கள். மெட்ரோவில் நின்றபடி நாவல் படிக்கும் ஒருத்தியாக என்னை நானே கற்பனை செய்துகொண்டு, அவளுக்காக அந்தக் கருவியை வாங்கினேன். உண்மையில் அந்நாள்களில் நான் படித்தவை, இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற கூலித் தொழிலாளரைப் பற்றிய காலனிய அரசின் குடிபெயர்வுத் துறைக் கோப்புகள். அவை ஃபுல்ஸ்கேப் தாளில் அச்சிடப்பட்டவை. அகலம் ஏறத்தாழ 8 அங்குலம், உயரம் 13 அங்குலம். ஓரங்களில் அதிகாரிகளின் கையெழுத்துக் குறிப்புகள் இருக்கும். என் வாதத்துக்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் அந்த ஓரக் குறிப்புகளில்தான் இருந்தன.

நான் வாங்கிய திரையின் அகலம் 108 மில்லிமீட்டர், உயரம் 172 மில்லிமீட்டர். 203 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபுல்ஸ்கேப் பக்கம் அதில் முழுதாகத் தெரியவேண்டுமானால் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கவேண்டும். 12 புள்ளி அளவில் அச்சிட்ட எழுத்து 6 புள்ளியாகிவிடும். மருந்து அட்டையின் பின்புறத்தைப் படிப்பதுபோல நான் அரசாங்கக் கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பெருக்கிப் பார்த்தால் எழுத்து தெரியும். ஆனால் பக்கத்தை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தவேண்டும், நகர்த்தும்போது எந்தக் குறிப்பு எந்தப் பத்திக்கு எதிரே எழுதப்பட்டது என்பது தப்பிப்போகும். நான்கு மாதத்தில் தலைவலி தொடங்கியது. கண் மருத்துவர் கண்ணாடியின் பவரைக் கூட்டி எழுதிக்கொடுத்தார். ஐந்தாம் மாதம் கோப்புகளை அச்செடுத்துப் படிக்கத் திரும்பினேன். டேப்லெட் அக்காள் மகனுக்குப் போயிற்று. அவன் அதில் மகிழ்ச்சியாகக் கார்ட்டூன் பார்த்தான். கருவியில் குறை ஏதுமில்லை. அது செய்யத்தக்க வேலையை அவன்தான் அதற்குக் கொடுத்தான்.

அதன் பிறகே நான் அளவுகோலை எடுத்தேன். கடைகளில் திரையின் அளவை மூலைக்கு மூலை அங்குலத்தில் சொல்கிறார்கள். அந்த ஓர் எண் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். 11 அங்குலம் 10.9 அங்குலத்தைவிடப் பெரிது என்றே யாரும் நினைப்போம். ஆனால் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளைப்போல 16:10 விகிதத்தில் அமைந்த 11 அங்குலத் திரையைச் செங்குத்தாகப் பிடித்தால் அகலம் 148 மில்லிமீட்டர்தான், 10.9 அங்குல ஐபேடின் அகலம் ஏறத்தாழ 158 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆகவே ஓர் ஏ4 கட்டுரை முன்னதில் 70 விழுக்காட்டு அளவிலும் பின்னதில் 75 விழுக்காட்டு அளவிலும் தெரியும். நீண்டு ஒடுங்கிய திரை திரைப்படத்துக்கு ஏற்றது. அகன்ற திரை பக்கத்துக்கு ஏற்றது. 12.9 அங்குலத் திரையில் அதே ஏ4 பக்கம் 89 விழுக்காடு அளவில், தாளைக் கையில் பிடித்ததுபோலவே தெரியும். ஆனால் கருவியின் எடை 600 கிராமுக்கு மேல். உறையும் விசைப்பலகையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். படுத்துக்கொண்டு படிப்பவர் அதை மறந்துவிடலாம்.

இக்கணக்கைப் போட்டுவிட்டு, ஃபுல்ஸ்கேப் கோப்புகளுக்காகப் பின்னாளில் பழைய 12.9 அங்குலக் கருவி ஒன்றை வாங்கினேன். இன்றும் அதில்தான் படிக்கிறேன். என் தலைவலி தீர்ந்தது. ஆனால் அந்தத் தீர்வு எனக்கு ஒரு செருக்கையும் தந்துவிட்டது. இரண்டாம் பிழை அதிலிருந்து பிறந்தது. அதில் நட்டப்பட்டவர் வேறொருவர்.

அவர் வங்காள நண்பர். ஆறுகள் தடம் மாறியதைப் பழைய நிலப்படங்களின் வழி ஆராய்கிறவர். அக்காலத்தில் பேராசிரியர் ஒருவரிடமிருந்து மின்தாள் டேப்லெட் ஒன்றை இரண்டு வாரம் இரவல் வாங்கியிருந்தேன். கிண்டில் போன்ற கருவிகளில் உள்ள அதே திரை. அதனுள்ளே மிகச்சிறு குமிழ்களில் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. ஒருமுறை அமைந்த பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. அறையின் வெளிச்சத்தைத் தாள்போலவே எதிரொளிப்பதால் கண்ணுக்கு இதம். அதில் எழுதினால் தாளில் எழுதும் உராய்வு கிடைக்கிறது. நான் மயங்கிப்போனேன். நண்பர் கேட்டபோது, ஐயமே இல்லாமல் அதையே வாங்கச் சொன்னேன். ஒன்பது மாதத் தவணையில் வாங்கினார்.

அவருடைய நிலப்படங்களில் ஆறு நீலம், நிர்வாக எல்லை சிவப்பு, பாதை பழுப்பு. அந்தத் திரையில் மூன்றும் ஒரே சாம்பல் நிறம். மேலும், படத்தைப் பெருக்கி நகர்த்தும்போதெல்லாம் மின்தாள் ஒருகணம் தயங்கிக் கறுத்து வெளுத்தது. நாவலைப் பக்கம் பக்கமாகப் படிப்பவருக்கு இது பொருட்டன்று. நிலப்படத்தில் ஆற்றைத் தொடர்ந்து போகிறவருக்கு இது தாங்கொணாத் தடை. மூன்றாம் மாதமே அவர் அதை எடுப்பதை நிறுத்திவிட்டார் என்பதும், பின்னர்ப் பாதி விலைக்கு விற்றுவிட்டு எஞ்சிய தவணைகளைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியவந்தது. அவர் இன்றுவரை என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் என்ன படிக்கிறார் என்று நானும் அன்று ஒரு சொல் கேட்கவில்லை.

எல்லாருக்கும் ஒரே கருவி என்ற நினைப்பு நமக்குப் பழகிப்போனது. 1972இல் ஆலன் கே ‘டைனபுக்’ என்ற பெயரில், குழந்தைகள் கையில் நோட்டுப்புத்தகம்போல் ஏந்திச் செல்லும் தனிக் கணினி ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார். 2010இல் ஐபேட் வந்தது. 2011 அக்டோபரில் இதே தில்லியில் ‘ஆகாஷ்’ என்ற 7 அங்குல டேப்லெட்டை மாணவர்களுக்கென அரசு வெளியிட்டது. அந்நாளில் எங்கும் 35 டாலர் என்ற விலையைப் பற்றிய பேச்சுத்தான் என் நினைவில் இருக்கிறது. எந்தப் பாடநூலை, எந்த எழுத்தளவில், ஒருநாளைக்கு எத்தனை மணிநேரம் அதில் படிக்கப்போகிறோம் என்று நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. மலிவா, உயர்ந்ததா என்பதற்கு முன்பு கேட்கவேண்டிய வினா அது. அரசுக்கு மட்டுமன்று, தனியாளுக்கும்தான்.

ஆகவே தம்பியிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, ஏழு நாள் கணக்கு எழுதச் சொன்னேன். என்ன படித்தாய், அதன் மூலப் பக்கத்தின் அளவு என்ன, எவ்வளவு நேரம், எங்கே உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில், இணையம் இருந்ததா, குறிப்பைக் கையால் எழுதினாயா தட்டச்சு செய்தாயா, எங்கே எரிச்சல் வந்தது: இவ்வளவுதான். “எரிச்சலையும் எழுதணுமா அக்கா?” என்று கேட்டார். அதைத்தான் முக்கியமாக எழுதவேண்டும் என்றேன்.

எட்டாம் நாள் நோட்டு வந்தது. நான் எதிர்பார்த்தது அதில் இல்லை.

அந்த வாரம் அவர் மொத்தம் 31 மணிநேரம் படித்திருந்தார். அதில் 22 மணிநேரம் ஒளிவருடிய பழைய பதிப்புகள், உரைநூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தும் இன்டர்நெட் ஆர்கைவிலிருந்தும் இறக்கிக்கொண்டவை. 4 மணிநேரம் ஏ4 அளவில் உள்ள ஆய்விதழ்க் கட்டுரைகள். 3 மணிநேரம் நூலகத்தின் அச்சு நூல்கள். 2 மணிநேரம் கைபேசியில் செய்தி முதலானவை. குறிப்புகள் முழுவதும் கையால், கோடிட்ட நோட்டில். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது 6 மணிநேரம். அது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் தமிழ்நாட்டு அரசு அளித்த விலையில்லா மடிக்கணினியில். அதன் எதிரே எரிச்சல் கட்டத்தில் நாள்தோறும் ஒரே வரி: ‘திறக்க நான்கு நிமிடம். பிளக் உள்ள இடம் காலியில்லை.’

அந்த 22 மணிநேரத்தையும் அவர் எதில் படித்தார் என்று பார்த்தேன். கைபேசியில். டெமி 1/8 அளவு நூலின் பக்க அகலம் ஏறத்தாழ 140 மில்லிமீட்டர்; கைபேசித் திரையின் அகலம் 70 மில்லிமீட்டர்கூட இல்லை. 2019இல் நான் பட்ட அதே பாதியளவு. இரவு பத்து மணிக்கு மேல், அறைத்தோழர் உறங்கிய பின், விளக்கை அணைத்துவிட்டு, உரையாசிரியர்களின் நுண்ணிய வேறுபாடுகளை இந்தத் தம்பி அந்தக் கண்ணாடிச் சில்லில் படித்துவந்திருக்கிறார். ஒருநாள் கணக்கில் மட்டும் ‘கண் எரிந்தது, நிறுத்திவிட்டேன்’ என்று இருந்தது.

அந்த நோட்டைப் பார்வை மாற்றுத்திறனாளியான சட்டத்துறை நண்பர் ஒருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். அங்குலம், நிறம், ஒளி என்று நான் அடுக்கிய எதுவும் அவருக்கு வினாவே அன்று. ஒளிவருடிய பக்கம் வெறும் படம். அதன் அடியில் எழுத்துரு அடுக்கு இல்லையென்றால் திரைவாசிப்பான் அங்கே மௌனமாகிவிடும். 80,000 ரூபாய் டேப்லெட்டிலும் அந்த மௌனம் அதே மௌனம்தான். விலையின்றிக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானோடு ஒரு சாதாரண விண்டோஸ் மடிக்கணினி தமக்குப் போதும், கோப்பு எழுத்தாக இருந்தால் சரி என்றார். டேப்லெட் எதுவும் வேண்டாம் என்பதும் இவ்வினாவுக்கு ஒரு விடை என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி என் கோப்புகளில் சிலவற்றை எழுத்துணரி வழி எழுத்தாக்கிப் பார்த்தேன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, னை முதலிய பழைய வடிவங்கள் வரும் இடமெல்லாம் பிழை மலிந்தது. அதைத் திருத்துவது கருவியின் வேலையன்று, நம்முடைய வேலை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை நேரு பிளேஸ் சென்றோம். தில்லியில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: புதியதும் பழையதுமான கணினிகள், உதிரிப்பாகங்கள், பழுதுநீக்குவோர் எல்லாம் ஓரிடத்தில் கூடும் சந்தை அது. போகுமுன் தம்பியின் கோப்புகளில் ஐந்தைத் தெரிந்தெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றிவைத்தோம். கடையில் காட்டும் கருவிகளில் எப்போதும் மலர்களும் மலைகளும் ஒளிர்கின்றன. அவை எந்தக் கருவியிலும் அழகாகவே தெரியும். நம் கோப்பைத் திறந்தால்தான் கருவியின் உண்மை தெரியும்.

ஒவ்வொரு கருவியிலும் இவற்றைச் செய்து பார்த்தோம். இருப்பதிலேயே கனமான, 200 எம்பிக்கு மேற்பட்ட ஒளிவருடல் நூலைத் திறந்து பத்துப் பக்கம் விரைவாகத் தள்ளுவது; எழுத்து தெளியும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவது. எழுத்தாக உள்ள தமிழ்க் கோப்பில், கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைத் தேடுவது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அமைந்த பழைய பிடிஎஃப் என்றால் சொல் கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படாது. அது கருவியின் குறையன்று என்பதையும், விலையுயர்ந்த கருவி அதைத் தீர்க்காது என்பதையும் தம்பி அங்கேயே கண்டுகொண்டார். பிறகு, தமிழில் ஐந்து வரி தட்டச்சு செய்வது. உள்ளங்கையைத் திரையில் ஊன்றியபடி எழுதுகோலால் எழுதி, கைபட்ட இடமெல்லாம் கோடு விழுகிறதா என்று பார்ப்பது. கடைசியாக, வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பக்கம் தெரிகிறதா, நம் முகம் தெரிகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது கடைக்காரர் பொறுமையிழந்து, “மேடம், வாங்கவா வந்தீர்கள், தேர்வு நடத்தவா?” என்று இந்தியில் கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

விலை என்று எழுதியிருப்பது ஒருபோதும் முழு விலையன்று. எழுதுகோல் பல கருவிகளில் தனி, விசைப்பலகை தனி, உறை தனி. இவற்றைக் கூட்டியபின் வரும் தொகையையே ஒப்பிடவேண்டும். சேமிப்பிடத்தையும் நம் நூல்களால் அளப்பது நல்லது. ஒரு நூல் 80 எம்பி என்று கொண்டால், 64 ஜிபி கருவியில் இயங்குதளமும் செயலிகளும் போக எஞ்சும் 40 ஜிபியில் ஏறத்தாழ 500 நூல்கள் அடங்கும். அதற்குமேல் வேண்டுவோர் நினைவட்டை செருகும் வசதியுள்ள ஆண்ட்ராய்டு கருவியைப் பார்க்கலாம். ஐபேடில் அவ்வசதி இல்லை. ஸோட்டெரோவில் நூற்பட்டியல் வைத்திருப்போர் கவனிக்கவேண்டியது, அதில் விலையின்றிக் கிடைக்கும் இணைய இடம் 300 எம்பி மட்டுமே. நம் ஒளிவருடல் நூல்கள் நான்கிலேயே அது நிரம்பிவிடும். பழைய கருவி வாங்குவோர் இன்னும் மூன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும்: முந்தைய உரிமையாளரின் கணக்கு முற்றிலும் நீக்கப்பட்டுள்ளதா, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது, இயங்குதளத்துக்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா. முதலாவது இல்லையென்றால், பூட்டிய கருவி கையில் வெறும் கண்ணாடிப் பலகை.

நான்காவது கடையில் பழைய 12.9 அங்குலக் கருவி ஒன்று நல்ல நிலையில் இருந்தது. 38,000 ரூபாய். என் முகம் மலர்ந்திருக்கவேண்டும். “இதுதான் தம்பி, பக்கம் எவ்வளவு விரிவாத் தெரியுது பார். ரெண்டாயிரம் மிச்சம் வேற” என்றேன்.

தம்பி அதைக் கையில் வாங்கிச் சிறிதுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “நீங்க உங்க ஃபைலுக்குப் பாக்கறீங்க அக்கா.”

மூன்றாம் முறையும் அதே பிழையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். இம்முறை என்னைத் தடுத்தது அவருடைய நோட்டு. அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். 22 மணிநேரம் டெமி, கிரௌன் அளவு நூல்கள். ஏ4 வெறும் 4 மணிநேரம். ஃபுல்ஸ்கேப் அறவே இல்லை. குறிப்பெல்லாம் நோட்டில். படிப்பது படுக்கையில். அவ்வளவு எடையைக் கட்டிலில் மல்லாந்து எப்படிப் பிடிப்பது?

அடுத்த கடையில் 10.2 அங்குலப் பழைய ஐபேட் ஒன்று இருந்தது. திரையின் அகலம் 156 மில்லிமீட்டர், உயரம் 208 மில்லிமீட்டர். டெமி 1/8 நூலின் பக்கம் 140க்கு 215. உயரத்தில் மிகச்சிறிதே குறைய, நூல் தன் இயல்பான அளவிலேயே திரையில் தெரிந்தது. கிரௌன் அளவு நூல் ஓரம் விட்டே அமர்ந்தது. எழுதுகோல் வாங்கவில்லை, கையெழுத்து நோட்டிலேயே தொடரட்டும் என்றார். திரையை இரண்டாகப் பகுத்து ஒருபுறம் படித்து மறுபுறம் எழுதுவது நல்ல வசதி என்று சொல்லிப் பார்த்தேன். பாதித் திரையில் மறுபடி கைபேசி அளவுதானே வரும் என்றார். அதற்கும் என்னிடம் விடையில்லை. விலை 17,000 ரூபாய்.

பிறகு அவர் செய்ததுதான் நான் முற்றிலும் நினையாதது. “அந்த நாலு நிமிஷத்துக்கு ஏதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டு, பையிலிருந்து பழைய மடிக்கணினியை எடுத்தார். காலையிலேயே எடுத்து வந்திருக்கிறார். பழுதுநீக்குபவர் அதன் வன்வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினார், மின்கலத்தையும் மாற்றினார். இரண்டுக்குமாக 3,800 ரூபாய். மாலையில் அந்தக் கணினி அரை நிமிடத்தில் திறந்தது. பிளக் இல்லாத மேசையில் வைத்துத் தம்பி அதைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். டேப்லெட்டைக் காட்டிலும் அவருக்கு அன்று மகிழ்ச்சி தந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

செலவு 20,800. மெட்ரோவில் திரும்பும்போதே ஊருக்கு அழைத்தார். கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. மீதம் 19,000 அனுப்புகிறேன், வட்டிக் கடையில் கட்டிவிடுங்கள் என்றார். அந்த அம்மா தொகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“எழுத்து நல்லாத் தெரியுதாப்பா? கண்ணு வலிக்காமப் படிக்க முடியுதா?”

“முடியுதும்மா.”

“அப்பச் சரி.”

ஐந்தாண்டுகளாக நான் அளவுகோலும் விழுக்காடும் கொண்டு தேடியதை அந்த அம்மா இரண்டு கேள்விகளில் கேட்டுவிட்டார். சங்கிலி இன்னும் மீளவில்லை. கடனில் பாதி அடைந்திருக்கிறது.

இப்போது யாரேனும் என்னிடம் எந்த டேப்லெட் வாங்கலாம் என்று கேட்டால், தம்பியின் இசைவோடு அந்த நோட்டின் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். கட்டங்கள் கோணலாக இருக்கும். ஸ்கேல் இல்லாமல் போட்டது. எரிச்சல் கட்டத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு நாள் எழுதிவிட்டு வாருங்கள். கடைக்கு நானும் உடன் வருகிறேன்; ஆனால் கருவியின் பெயரை நீங்கள்தான் சொல்லவேண்டும்.